மல்லைக்குப் போன தோணி

பல்லவர் காலத்துத் துறைமுகமான மல்லைக்கு, அதாவது மாமல்லபுரத்துக்கு, சென்னையிலிருந்து போனவர்கள், நல்ல சாலை வருவதற்கு முன், பெரும்பாலும் அதன் கொல்லைப்புறமாகத்தான் போய்ச் சேர்ந்தார்கள். திருமங்கையாழ்வார் மரக்கலங்களைப் பாடிய கடற்கரை ஊருக்கு அவர்கள் கடல் வழியே போகவில்லை. மாலையில் அடையாற்றுப் பக்கம் தோணி ஏறினால், பக்கிங்காம் கால்வாயில் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் ஊர்ந்து, மறுநாள் காலையில் மல்லை. பாரதிதாசன் 1934-இல் ஜீவானந்தம், குத்தூசி குருசாமி முதலிய தோழர்களுடன் இப்படிப் போனதுதான் ‘மாவலிபுரச் செலவு’ என்ற பாட்டாயிற்று. தோணியின் கயிற்றை மனிதர் தோளில் போட்டு இழுப்பதைக் காணப் பொறுக்காத வருத்தமும் அதில் உண்டு. அந்தக் கயிறு ஒரு செய்தியையும் சொல்கிறது. ஆள் நடக்கும் வேகத்தில் போகும் ஊர்தியை நம்பிப் பயணிகள் மட்டும் ஒரு நீர்வழியை வாழவைத்திருக்க முடியாது. மல்லைப் பயணம் சரக்கின் தயவில் நடந்தது. சரக்கு போனதும் அதுவும் போயிற்று.

கால்வாய் பிறந்ததே சரக்குக்காக. 1806-இல் பேசில் காக்ரேன் என்ற வணிகர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டத் தொடங்கியதை, 1837-இல் அரசு எடுத்துக்கொண்டது. தாது வருஷப் பஞ்சத்தில், பட்டினியால் வாடியவர்களுக்குக் கூலி வேலையாக, அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் சுமார் எட்டு கிலோமீட்டர் வெட்டப்பட்டது. அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் கால்வாய்க்கு வந்தது. (வெட்டியவர்களின் பெயரை யார் கேட்டார்கள்!) வடக்கே பெத்தகஞ்சாமிலிருந்து தெற்கே மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர் நீண்ட இந்த வழியில் ஆந்திரத்து நெல்லும் உப்பளங்களின் உப்பும் சுண்ணாம்புக்கான கிளிஞ்சலும் நகரத்து அடுப்புகளுக்குச் சவுக்கு விறகும் வந்தன. கடலின் ஏற்றவற்றத்துக்கு ஏற்ப லாக் கதவுகளைத் திறந்து மூடவும், முகத்துவாரங்களில் சேரும் மணலை வாரவும் நியாயம் இருந்தது இவற்றால்தான். சிற்பம் பார்க்கப் போனவர்கள் அந்த ஏற்பாட்டில் ஓசியாக ஒட்டிக்கொண்டார்கள்.

ரயில் வந்தபோதே கால்வாய் தோற்றுவிட்டதே என்று கேட்கலாம். தாம்பரம் வழியாகச் செங்கல்பட்டுக்குப் போன இருப்புப்பாதை அதே பஞ்ச காலத்தை ஒட்டியதுதான். ஆனால் 1934-லும் தோணி ஓடியதே! ரயில் பறித்தது குடியிருப்பை. 1931-இல் கடற்கரை–தாம்பரம் மின்ரயில் ஓடத் தொடங்கியபின் புறநகர் அந்தப் பாதையை ஒட்டியே வளர்ந்தது. கிழக்கே கால்வாயும் மேற்கே ரயிலுமாக இடையில் கிடந்த மாடம்பாக்கம், சோழர் காலத்துத் தேனுபுரீசுவரர் கோயிலும் ஏரியுமாக இருந்த ஊர், மேற்கே பார்த்தே வளர்ந்து 2021-இல் தாம்பரம் மாநகராட்சிக்குள் போனது. சரக்கை எடுத்துக்கொண்டது லாரி. அது கிடங்கு வாசலுக்கே வந்து நின்றது. தோணியால் அது ஆகாது. மண்ணெண்ணெயும் கேஸும் அடுப்பங்கரைக்கு வந்தபின் விறகுக்கும் மவுசு போயிற்று.

கால்வாய் ஓய்ந்ததற்கு 1960-களிலும் 1976-இலும் அடித்த புயல்களைக் காரணமாகச் சொல்வார்கள். சேதம் மெய்தான். ஆனால் புயல் இந்தக் கரைக்குப் புதிதல்ல. சுமை இருந்த காலத்தில் உடைந்த கரையைக் கட்டினார்கள், இல்லாத காலத்தில் விட்டுவிட்டார்கள். நகருக்குள் கால்வாயில் ஊன்றிய பறக்கும் ரயிலின் தூண்களைக் குற்றம் சொல்வது இன்னும் பலவீனமான வாதம். அதன் முதல் பகுதி திறந்தது 1995-இல். தோணிகள் அதற்கு வெகுமுன்பே ஓய்ந்துவிட்டன. சோழிங்கநல்லூருக்குத் தெற்கே தூண் ஒன்றும் இல்லை, அங்கும் மல்லைக்குப் படகு இல்லை. முட்டுக்காட்டில் படகுக் குழாம் உண்டு, ஏறிய இடத்திலேயே இறக்கிவிடும்.

2008-இல் இந்தக் கால்வாயைத் தேசிய நீர்வழி 4-இல் சேர்த்தார்கள். அறிவிப்பு வந்ததும் மல்லைக்குப் படகுலா என்ற பேச்சும் கூடவே எழுந்தது. மாடம்பாக்கத்திலிருந்து மாம்பாக்கம், கேளம்பாக்கம் வழியாக ஒன்றரை மணி நேரத்தில் காரில் போய்விடக்கூடியவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஆசைக்கு ஏறுவார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை அந்தத் தண்ணீரில் என்ன சரக்கு ஏறும், தூர் வாரும் செலவை எது ஈடுகட்டும் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் படகுலாவைப் பற்றிப் பேச வேண்டும்.