ஓடையில தூண்டில் போட யாரைக் கேட்கணும்?

போன ஐப்பசியில எங்க பக்கம் நல்ல மழை. நாலு வருசமா வெறும் மணலா கிடந்த ஓடையில முழங்கால் தண்ணி ஓடுச்சு. அண்ணன் பேரன் மதுரையில ஏழாவது படிக்கிறான், தீபாவளி லீவுக்கு வந்திருந்தான். நான்தான் அவனுக்கு மூங்கில் குச்சி வெட்டி, நரம்பு கட்டி, தக்கைக்கு மயிலிறகுத் தண்டைச் செருகி, எருக்குழி ஓரமா மண்புழு தோண்டிக் கொடுத்து அனுப்பினேன். முக்கால் மணி நேரத்துல திரும்பி வந்துட்டான். கையில தூண்டில் இல்லை. கண்மாய் மீன்பாசி ஏலம் எடுத்தவரோட காவலாள் குச்சியை ரெண்டா ஒடிச்சு ஓடையிலேயே வீசிட்டாராம்.

நான் போய்க் கேட்டேன். "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. இந்த ஓடைத் தண்ணி எங்க போகுது? கண்மாய்க்குத்தானே? அப்ப இதுல ஏறி வர்ற மீனும் எங்க ஏலத்துல சேர்ந்ததுதானே" அப்படின்னார். மரியாதையாத்தான் சொன்னார். எனக்குத்தான் சட்டுன்னு பதில் வரலை. அம்பத்தாறு வயசாச்சு. அதே தாம்போதிக்கு மேல, அதே மருதமரத்தடியில, அரை டவுசரோட எத்தனையோ நாள் தூண்டில் போட்டிருக்கேன். யாரையும் கேட்டுக்கிட்டுப் போடணும்னு தோணினதே இல்லை. கேட்கணுமா, வேண்டாமாங்கிறது அப்பவே தீர்ந்த விஷயமா, இல்லை யாரும் பேசாம விட்ட விஷயமா? அதைத் தேடிப் போன கதைதான் இது.

ஊர்ப்பக்கம் வராதவங்களுக்காக ஒரு விஷயம் சொல்லிடுறேன். எங்க சிவகங்கைச் சீமையில வத்தாத ஆறு கிடையாது. மழை பெஞ்சா மேட்டுல இருந்து ஓடை வழியா தண்ணி வந்து கண்மாயில நிக்கும். கண்மாய் நிறைஞ்சா கலுங்கு வழியா வழிஞ்சு அடுத்த கண்மாய்க்குப் போகும். முதல் வெள்ளம் வந்ததும் கண்மாயில கிடக்கிற மீனெல்லாம் எதிர்த்தண்ணியில ஓடைக்கு ஏறும். ஏத்துமீன்னு சொல்லுவோம். கெளுத்தி, குரவை, விரால், வயிறு உப்பின கெண்டை எல்லாம் புல்லுத் தரையில கூட துள்ளிக்கிட்டு ஏறும். ராத்திரி அரிக்கேன் லைட்டோட போவோம். அப்பா தூரி வைப்பார். எங்க அப்பத்தா கிழிஞ்ச சேலையை ரெண்டு பேரைப் பிடிக்கச் சொல்லி அயிரை அரிச்சுரும். மறுநாள் மண்சட்டியில அது வைக்கிற குழம்புக்கு தெருவே மணக்கும். சரி, குழம்புக் கதையை ஆரம்பிச்சா இது முடியாது.

மீன் சரி, 'பாசி' எங்கே இருந்து வந்துச்சுன்னு எனக்கு ரொம்ப நாளா யோசனை. கண்மாய்ல மீன் பிடிக்கிற உரிமையை இன்னைக்கும் ஏல நோட்டீஸ்ல 'மீன்பாசி குத்தகை'ன்னுதான் போடுறாங்க. பழைய கல்வெட்டுகள்ல 'பாசிப்பாட்டம்'னு ஒரு வரி வருது. குளத்துல மீன் பிடிக்கிறதுக்குக் கட்டுற பாட்டம் அது. அந்தக் காசை அதே குளத்தைத் தூர்வாரவும் கரை போடவும் ஒதுக்கின ஊர்களும் உண்டு. அதாவது, குளத்து மீனுக்கு விலை வைக்கிறது வெள்ளைக்காரன் கொண்டு வந்த பழக்கம் இல்லை. நம்ம ஆளுங்க பல நூறு வருசத்துக்கு முன்னாலேயே வச்சுட்டாங்க. 'அந்தக் காலத்துல எல்லாம் பொதுவா இருந்துச்சு'ன்னு நானும் மேடை போட்டுப் பேசிட்டுப் போயிடலாம். அது உண்மை இல்லை. கண்மாய்க்குள்ள யார் இறங்கலாம், யார் இறங்கக் கூடாதுங்கிறதுல ஜாதியும் இருந்துச்சு. எங்க ஊர்லயே நான் சின்னப் பையனா இருந்தப்ப ஒரு தெருக்காரங்க கலுங்குக்குக் கீழேதான் மீன் பிடிப்பாங்க. ஏன்னு கேட்டா பெரியவங்க பேச்சை மாத்திருவாங்க.

ஆனா பாட்டம் கட்டினது நின்ன தண்ணிக்கு. ஓடுற தண்ணிக்கு எங்க ஊர்ல யாரும் காசு வாங்கினதா தாத்தா சொல்லிக் கேட்டதில்லை. 1801-ல மருது சகோதரர்களைத் தூக்குல போட்ட பிறகு கம்பெனி ஏற்படுத்தின ஜமீன்தான் இங்கே நிலத்துக்கும் கண்மாய்க்கும் சொந்தக்காரர். கண்மாய்ப் பாசியைக் குத்தகைக்கு விட்டா பணம் அங்கே போகும். ஓடையில தூண்டில் போடுறவனை யாரும் ஏன்னு கேட்டதில்லை. அதுல கிடைக்கிறது ஒரு வேளை குழம்புக்கு, அவ்வளவுதானே.

தூண்டிலுக்கும் சட்டம்னு முதல்ல வந்தது மலை மேலே. சின்ன மச்சினன் எமரால்டு பக்கம் கேரட் தோட்டத்துல வேலை பார்த்தான். அவனைப் பார்க்கப் போனப்ப அவலாஞ்சியில மீன் பண்ணைக்குக் கூட்டிட்டுப் போனான். டிரவுட் மீன். சீமையில இருந்து வந்த வெள்ளைக்காரங்களுக்கு ஊட்டி ஓடையைப் பார்த்ததும் சொந்த ஊர் ஓடை நினைப்பு வந்திருக்கு, ஆனா அதுல அவங்க ஊர் மீன் இல்லை. பிரான்சிஸ் டேன்னு ஒரு ராணுவ டாக்டர், மீன் ஆராய்ச்சியிலே பெரிய ஆள், 1860-களிலேயே கொண்டு வந்து விட முயற்சி பண்ணினார், பலிக்கலை. கடைசியில வில்சன்னு ஒருத்தர் 1907-ல அவலாஞ்சியில குஞ்சு பொரிக்கிற பண்ணை வச்ச பிறகுதான் நிலைச்சது.

வேடிக்கை என்னன்னா, மீன் நிலைக்கிறதுக்கு முன்னாலேயே சட்டம் வந்துருச்சு. 1879-ல நீலகிரி மாவட்டத்துக்கு மட்டும்னு ஒரு சட்டம். வேட்டை மிருகங்களையும், வெளியில இருந்து கொண்டு வந்து பழக்கின மீன்களையும் பாதுகாக்க. அங்கே லைசென்ஸ் வாங்கித்தான் தூண்டில் போடணும்னு ஆச்சு. அந்த லைசென்சை யார் வாங்குவாங்க? சம்பளம் வாங்குற துரைமார். அந்த ஓடைக்கரையில எருமை மேய்ச்ச தோடரும், விவசாயம் பண்ணின படகரும் லைசென்சுக்கு எங்கே போவாங்க? அவங்க ஊர்லயும் ஆத்து மீனுக்குச் சட்டம் கடுசுதான். இங்கிலாந்துல கடல் ஏத்தம் எட்டாத ஆத்துல மீன் பிடிக்கிற உரிமை கரை நிலத்துக்காரனுக்குச் சொந்தம். அவன் விட்டாத்தான் அடுத்தவன் தூண்டில் போடலாம். அந்தப் புத்தியோட வந்தவங்களுக்கு, யாரையும் கேட்காம ஓடையில இறங்குற நம்ம ஆளு எப்படித் தெரிஞ்சிருப்பான்!

ஆனா அவங்க சொன்னதுல ஒண்ணை நான் ஒத்துக்கிடணும். ஹென்றி சல்லிவன் தாமஸ்னு மெட்ராஸ் சர்க்கார்ல ஒரு அதிகாரி, தென் கன்னடத்துல கலெக்டரா இருந்தவர், பெரிய தூண்டில் பைத்தியம். 1873-ல இந்தியாவில் தூண்டில் மீன்பிடிப்பு பத்திப் பெரிய புத்தகமே எழுதினார். அவரும் டே டாக்டரும் திரும்பத் திரும்பச் சொன்னது, இங்கே சின்ன மீனையும் சினை மீனையும் வழிமறிச்சுப் பிடிக்கிறாங்க, தண்ணியில நஞ்சு கலக்குறாங்கன்னு. அதுல இருந்து வந்ததுதான் 1897-ம் வருச இந்திய மீன்பிடிச் சட்டம். வெடி போட்டோ, நஞ்சு கலந்தோ மீன் பிடிச்சா ரெண்டு மாசம் ஜெயில் இல்லைன்னா 200 ரூபாய் அபராதம். அந்தக் காலத்து 200 ரூபாய்க்கு எங்க ஊர்ல நிலமே வாங்கலாம். நாங்க ஏத்துமீன் பிடிச்சோமே, அது சினை மீன்தானே? ஓடை முழுக்க அடைச்சுத் தூரி வைக்கக் கூடாது, ஒரு முழம் வழி விடணும்னு அப்பா சொல்லுவார். எல்லாரும் விட்டாங்களான்னு கேட்டா, இல்லை. இப்ப பிளீச்சிங் பவுடரைக் கொட்டுறவனையும், பேட்டரி வச்சு கரண்டு விடுறவனையும் பார்க்கிறப்ப தாமஸ் துரை மேலே கோபம் குறைஞ்சு போகுது.

இனி நம்ம ஓடைக்கு வருவோம். கூடப் படிச்சவர் மகன் ஒருத்தர் வக்கீலா இருக்கார். பத்தாவதோட நின்னவனுக்குச் சட்டம் படிக்க வராதுன்னு அவரே உட்கார்ந்து தமிழ்ல சொன்னார். 1905-ல மெட்ராஸ் நில ஆக்கிரமிப்புச் சட்டம். ஆறு, ஓடை, ஏரி, குளம் இதுகளோட தரையும், நிக்கிற தண்ணி ஓடுற தண்ணி எல்லாமும் சர்க்கார் சொத்துன்னு அதோட ரெண்டாவது பிரிவு சொல்லுது. 'ஓடைப் புறம்போக்கு'ன்னு நீங்க பார்க்கிறது இதுதான். இதுவரைக்கும் தாசில்தார் ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும். ஆனா அதே வாக்கியம் அதோட முடியலை. பொதுமக்களுக்கு இருக்கிற பாதை உரிமை, மத்த பொது உரிமை, பக்கத்து நிலத்துக்காரங்க உரிமை, சட்டப்படி செல்லுபடியாகுற வழக்கத்து உரிமை, இதுக்கெல்லாம் உட்பட்டுத்தான் அது சர்க்கார் சொத்துன்னு வால் ஒண்ணு இருக்கு. எடுத்துக்கிட்ட வாயாலேயே கொஞ்சம் விட்டும் வச்சிருக்காங்க. அந்த வாலை யாரும் படிக்கிறதில்லை.

எங்க ஊர் அப்ப ஜமீன்ல இருந்ததால அந்தச் சட்டம் எங்க ஓடையைத் தொடலை. ஜமீன் சொத்தை அது விட்டுருச்சு. 1948-ல ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்துச்சு. சர்க்காருக்கு மாறுற சொத்துப் பட்டியல்ல காடு, மேய்ச்சல் நிலம், ஆறு, ஓடை, குளம் இதுகளோட மீன்பிடி உரிமையையும் பேர் சொல்லிச் சேர்த்திருக்காங்க. அதுவும் எந்த வில்லங்கமும் இல்லாம வந்து சேருதாம். "மாமா, உங்க வழக்கத்து உரிமையும் அந்த வில்லங்கத்துல அடங்கிப் போச்சுன்னு அவங்க வாதாடலாம். அது ஜமீன்தார் வச்ச கடன் மாதிரி விஷயத்துக்குத்தான், ஊர்ச் சனத்தோட வழக்கத்துக்கு இல்லைன்னு நாம வாதாடலாம்"னு தம்பி சொன்னார். ஒரு தூண்டில் குச்சிக்கு ஹைகோர்ட்டுக்குப் போறதான்னு ரெண்டு பேரும் சிரிச்சோம்.

ஆனா ஏலம் எடுத்தவரோட நியாயத்தையும் சொல்லணும். எங்க காலத்துல கண்மாயில இருந்தது தானா வந்த மீன். இப்ப அவர் காசு கொடுத்து கட்லா, ரோகு குஞ்சு வாங்கி விடுறார். 1952-ல மண்டபத்துல கொண்டு வந்து விட்ட ஜிலேபிக் கெண்டை வேற எல்லாக் கண்மாயிலயும் புகுந்து நாட்டு மீன் இடத்தைப் பிடிச்சிருச்சு. மழை அதிகமாகி கலுங்கு வழிஞ்சா பாதி முதல் அடுத்த ஊருக்குப் போயிரும். மழை இல்லைன்னா கண்மாயே இல்லை. அவர் நிலைமையில நானா இருந்தாலும் காவலுக்கு ஆள் போட்டிருப்பேன். கண்மாய்க்கு. ஓடைக்குப் போட்டிருக்க மாட்டேன்.

குத்தகை போக மிச்சம் இருக்கிற பொது உரிமைன்னா எனக்குத் தெரிஞ்சு மீன்பிடித் திருவிழாதான். கோடையில தண்ணி வத்தி கண்மாயை அழிக்கிற நாள். சிங்கம்புணரி, மேலூர், நத்தம், புதுக்கோட்டைப் பக்கமெல்லாம் இன்னும் நடக்குது. விடியறதுக்குள்ள கரை நிறைய சனம். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசினதும் ஊத்தா, கச்சா, வலையோட ஆயிரக்கணக்குல இறங்கிருவாங்க. எந்த ஊர்க்காரன், என்ன ஜாதின்னு அன்னைக்குக் கேள்வி இல்லை. பிடிச்ச மீனை விக்காம வீட்டுல சமைச்சுச் சாப்பிட்டா அடுத்த வருசம் மழை உண்டுன்னு நம்பிக்கை. எங்க ஊர்ல அது நின்னு பத்துப் பன்னிரண்டு வருசம் ஆச்சு. ஏலத் தொகை ஏறினதும் நின்னு போச்சு.

ஜனவரி 26 கிராம சபையில எழுந்து கேட்டேன். ஏலம் விட்டது கண்மாயையா, ஓடையையுமா? நோட்டீஸை எடுத்துப் படிக்கச் சொன்னேன். கண்மாய் பேரும் சர்வே நம்பரும்தான் இருந்துச்சு. ஓடை நம்பர் வேற. ஏலம் எடுத்தவர் கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "தாம்போதிக்கு மேலே பிள்ளைங்க தூண்டில் போட்டுக்கட்டும், வலையும் தூரியும் மட்டும் வேண்டாம்"னார். எனக்கும் அது சரின்னு பட்டுச்சு. தீர்மானத்துல எழுதுங்கன்னேன். அதெல்லாம் தீர்மானத்துல வராதுன்னு எழுதாம விட்டுட்டாங்க. பின்வரிசையில இருந்து ஒரு பொம்பளை, "அப்ப நாங்க அயிரை அரிக்கிறது?"ன்னு கேட்டுச்சு. அதுக்கு யாரும் பதில் சொல்லலை. நானும்தான் சொல்லலை. எங்க அப்பத்தா இருந்திருந்தா என்னைச் சும்மா விட்டிருக்காது.

இதுல இன்னொரு சிக்கல். தாம்போதிக்கு மேலே ரெண்டு கரையிலயும் வெளியூர்க்காரர் ஒருத்தர் நிலம் வாங்கி, ஓடை வரைக்கும் கம்பிவேலி போட்டிருக்கார். தண்ணியில நிக்க உரிமை இருக்கு, தண்ணிக்குப் போக வழி இல்லை. ஓடைப் புறம்போக்கை அளந்து கல்லு போடச் சொல்லி மனு கொடுத்திருக்கேன். சர்வேயர் வர்றேன்னு சொல்லி ரெண்டு தடவை வரலை.

பையன் போன வாரம் போன் பண்ணி, "தாத்தா, ஓடையில தண்ணி இருக்கா?"ன்னு கேட்டான். மாசியோட வத்திப் போச்சுடான்னேன். புதுக் குச்சி ஒண்ணு வெட்டி, தீயில வாட்டி நிமித்தி, பரண்ல போட்டு வச்சிருக்கேன்.