படுத்துக்கொள்ளும் அணை



அணை என்றால் பாசனமும் மின்சாரமும்தான் நம் நினைவுக்கு வரும். படகுப் போக்குவரத்துக்காகவே கட்டிய ஓர் அணையைப் பற்றி இந்த இதழில் சொல்கிறேன். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரிலிருந்து சுமார் 8 கிலோமீட்டர் கீழே, ஓஹையோ ஆற்றில் இருந்த டேவிஸ் ஐலண்ட் அணை அது.

பிட்ஸ்பர்க் பகுதியில் நிலக்கரி ஏராளம். அதை ஆற்று வழியாகவே தெற்கே அனுப்பினார்கள். தட்டையான சரக்குப் படகுகள் பலவற்றை ஒன்றாகப் பிணைத்து, பின்னாலிருந்து ஒரு நீராவிப் படகு தள்ளிக்கொண்டு போகும். ஆனால் கோடையில் ஆறு வற்றிவிடும். சரக்கை ஏற்றி வைத்துவிட்டு, மழை பெய்து ஆறு பெருகும்வரை காத்திருக்க வேண்டும். முதல் போட்ட வியாபாரிக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும்.

ராணுவப் பொறியாளர் வில்லியம் மெரில், 1870-களில் அணைகள் கட்டி ஆற்றின் ஆழத்தைக் கூட்டலாம் என்றார். யாருக்காகச் சொன்னாரோ, அந்த நிலக்கரி வியாபாரிகளே எதிர்த்தார்கள். வெள்ளம் வரும்போது தடையில்லாமல் போகிறோம். அணை வந்தால் படகுகளைப் பிரித்து, ஒவ்வொன்றாக லாக் வழியாக விட வேண்டும், நேரம் போகும், செலவு கூடும் என்றார்கள். நியாயமான கேள்விதானே?

லாக் என்பது இரு முனையிலும் கதவுள்ள பெரிய தொட்டி. படகு உள்ளே வந்ததும் கதவை மூடி, தண்ணீரை நிரப்பியோ வடித்தோ படகை மேலே ஏற்றுவார்கள் அல்லது கீழே இறக்குவார்கள். பம்பு வேண்டாம், தண்ணீர் தானாகவே பாயும்.

மெரில் எதிர்ப்பை ஒதுக்கவில்லை. பிரெஞ்சுப் பொறியாளர் ஷனுவான் கண்டுபிடித்த முறையை எடுத்துக்கொண்டார். வரிசையாக மரப் பலகைகள். நீர் குறைந்தால் நிமிர்த்தி அணையாக்கலாம், வெள்ளம் வந்தால் ஆற்றின் அடியில் படுக்க வைத்துவிடலாம். படகுகள் மேலேயே போய்விடும். லாக்கையும் 600 அடி நீளம், 110 அடி அகலத்தில் அமைத்தார். படகுக் கூட்டம் முழுவதையும் பிரிக்காமல் ஒரே தடவையில் விடலாம். அன்றைக்கு உலகிலேயே பெரிய லாக் அதுதான். அவ்வளவு அகலத்துக்காக, பக்கவாட்டில் உருண்டு நகரும் கதவுகளைப் பொருத்தினார்கள்.

1878-ல் தொடங்கிய வேலை முடிந்து, 1885 அக்டோபர் 7 அன்று அணை திறக்கப்பட்டது. பிட்ஸ்பர்க் துறைமுகத்தில் கோடையிலும் ஆழமான நீர் நின்றது. பலனைப் பார்த்தபின், ஆறு முழுவதும் அணைகள் வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. 1929-க்குள் ஓஹையோவின் 981 மைல் நீளத்துக்கும் 9 அடி ஆழம் கிடைத்தது. அதைப் பார்க்க மெரில் இல்லை, 1891-லேயே காலமாகிவிட்டார்.

டேவிஸ் ஐலண்ட் அணையும் இன்று இல்லை. 1922-ல் எம்ஸ்வொர்த் அணை அதன் இடத்தைப் பிடித்தது. ஆனால் எம்ஸ்வொர்த்தின் பெரிய லாக்கின் அளவு இன்றும் 600-க்கு 110 அடிதான்! எதிர்த்தவர்களின் கேள்வியிலிருந்து பிறந்த அளவு அது.

நம் பொதுக்குழுவிலும் ஒரு திட்டம் வந்தால் "வேண்டாம்" என்று சிலர் எழுந்து நிற்பார்கள். உட்காருங்கள் என்று சொல்வதற்கு முன், அவர்கள் சொல்லும் காரணத்தைக் குறித்துக்கொள்வோம். திட்டத்தில் விட்டுப்போன அளவு அதில் இருக்கலாம்.