டிஸ்பென்சரி: ஒரு தராசுச் சொல்

இலங்கையின் பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் காய்ச்சல் கண்டால், "டிஸ்பென்சரிக்குப் போயி மருந்து எடுத்துட்டு வாறேன்" என்பார்கள். மருந்தகம் என்ற சொல் பெயர்ப்பலகையோடு சரி.

இதன் வேர் லத்தீனின் 'பெந்தரே': தொங்கவிடு, நிறு. அதிலிருந்து 'திஸ்பென்சாரே', நிறுத்துப் பங்கிடு. நம் 'படியளத்தல்' இதற்கு மிக நெருக்கம். ரோமானியச் செல்வர் வீடுகளில் வரவுசெலவு பார்த்துப் படியளந்தவன் 'திஸ்பென்சாத்தோர்'. பெரும்பாலும் அவனும் அடிமையே.

மருந்துக்கு இந்தச் சொல் பொருந்தியது இயல்பு. எடை குன்றிமணி கூடினால் மருந்தே நஞ்சு. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டன் மருத்துவர் கழகம் ஏழைகளுக்கு அடக்கவிலையில் மருந்து கொடுக்க ஒரு டிஸ்பென்சரி திறந்தது. மருந்து வணிகர்கள் கொதித்தெழுந்தார்கள். அந்தச் சண்டையைப் பாடி 1699இல் சாமுவேல் கார்த் வெளியிட்ட காவியத்துக்கும் 'டிஸ்பென்சரி' என்றே பெயர்.

இலங்கையில் தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைக்கென்றே 1872இல் தனிச் சட்டம் வந்தது. 1912இல் மீண்டும் ஒன்று. ஆனாலும் டாக்டர் தொலைவில்தான் இருந்தார். லயம் என்னும் வரிசை வீடுகளில் இருந்த சனத்துக்குக் கிட்டியவர் டிஸ்பென்சர். வீட்டிலிருந்து கொண்டுபோன போத்தலில் மிக்ஸ்சர் ஊற்றிக் கொடுத்தவர் அவர்தான்.

லத்தீன் தெரியாமலே இந்தச் சொல்லின் உட்பொருளை உடம்பால் அறிந்தவர்கள் கொழுந்தெடுக்கும் பெண்கள். அவர்கள் நாள் தராசில்தான் தீர்ப்பாகிறது. மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிவு போகும். மிச்சம் குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். அரிசியை அளந்து கொடுத்துச் சம்பளத்தில் பிடித்துக்கொண்ட காலமும் உண்டு. கொழுந்து, அரிசி, மருந்து: மூன்றையும் அளந்த கை ஒன்றே, தோட்ட நிர்வாகத்தின் கை. நிறுக்கப்பட்டவர்கள் கையில் ஒருநாளும் தராசு இருந்ததில்லை. எனக்கு இந்தச் சொல் உறுத்துவது இங்கேதான்.

பெந்தரேயின் இன்னொரு பிள்ளை 'கொம்பென்சாரே': இரண்டு தட்டையும் சேர்த்து நிறு. ஆங்கிலத்தின் 'காம்பன்சேஷன்' அதன் வழி வந்தது. நாம் நட்டஈடு என்கிறோம். 2014 ஒக்டோபர் 29 காலையில் பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் போயிருந்ததால் உயிர்தப்பிய பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் சேறு கிடந்தது. மண்ணுக்குள் போனவர்களில் பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. அந்தத் தட்டுக்கு எதிர்த்தட்டில் எதை வைப்பது?