மண்ணீரலிலிருந்து கிணற்றுக்கு: வங்காலைக் கரையில் மலேரியா அறிவு வளர்ந்த வரலாறு

மன்னார்க் கரையிலுள்ள வங்காலையின் நிலத்திலிருந்தே இந்த ஆய்வைத் தொடங்க வேண்டும். மேற்கே கடல். வடக்கே தள்ளாடிப் பக்கம் 4,839 ஹெக்டேயரில் விரியும் சரணாலயத்தின் சேற்று நிலமும் உவர்நீர்க் களப்பும். உள்நாட்டுப் பக்கம் கட்டுக்கரைக் குளத்து நீர் பாயும் வயல்கள். தெற்கே, அரிப்பை அண்டிக் கடலில் விழும் அருவியாறு. மாரி ஓய்ந்து ஆறு வற்றும்போது மணற்குழிகளில் தெளிந்த நீர் தங்கும். அந்த நீரில்தான் இலங்கையில் மலேரியாவைப் பரப்பிய முதன்மை நுளம்பான அனோபிலிஸ் குலிசிபேசிஸ் முட்டையிடும். களப்பின் உவர்நீரில் அதன் உறவினமான சப்பிக்டஸ் பெருகும். ஊரைச் சுற்றி எல்லா வகை நீரும் இருந்தன. காய்ச்சலுக்குக் காரணம் நீரில் வளரும் நுளம்பு என்று மருத்துவம் அறிந்துகொள்ளத்தான் காலம் பிடித்தது.

1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மேலைமருத்துவம் கற்பித்தார். கிரேயின் உடற்கூற்று நூல் 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்று தமிழில் வந்தது. மலேரியாக் கிருமியை லவெரான் இரத்தத்தில் கண்டது 1880இல். மண்ணீரல் எங்கே இருக்கிறது என்பதை, அதை வீங்கவைக்கும் கிருமி கண்டுபிடிக்கப்படுவதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே தமிழ் மாணவன் தன் மொழியில் படித்துவிட்டான். நம் மருத்துவ வரலாற்றில் இது போதிய அளவு பேசப்படவில்லை என்பது என் கருத்து.

நோயை இனங்காண அன்று இருந்தவை கண்ணும் கையும் மட்டுமே. முதலில் பல் கிட்டும் குளிர். அடுத்து உடல் கொதிக்கும் சூடு. பிறகு பாய் நனையும் வியர்வை. ஒருநாள் விட்டு ஒருநாள் வந்ததால் முறைக்காய்ச்சல் என்றார்கள். சிவப்பணுக்களுக்குள் பெருகும் கிருமிகள் 48 மணிநேரத்துக்கு ஒருமுறை அவற்றை உடைத்து வெளியேறுவதே அந்த முறைக்குக் காரணம். அணுக்கள் உடைய உடையக் கீழிமையின் உட்புறம் வெளிறும். சிதைந்த அணுக்களை வடிகட்டும் மண்ணீரல் இடது விலாவுக்குக் கீழே இறங்கும்.

பிள்ளையை மல்லாக்கக் கிடத்தி முழங்கால்களை மடக்கச் சொல்வார் வைத்தியர். கையை அடிவயிற்றிலிருந்து இடது விலாவை நோக்கி மெல்ல நகர்த்தி, “மூச்சை இழு ராசா” என்பார். மூச்சு இறங்குகையில் ஒரு கெட்டியான விளிம்பு விரல்நுனியில் வந்து முட்டும். காய்ச்சல் விட்ட பின்பும் இந்த வீக்கம் நெடுநாள் இருக்கும். அதனால் ஓர் ஊரில் எத்தனை பிள்ளைகளுக்கு மண்ணீரல் தட்டுப்படுகிறது என்று எண்ணினாலே, அந்த ஊரில் மலேரியா எவ்வளவு ஊறியிருக்கிறது என்று தெரிந்துவிடும். கருவி எதுவும் இல்லாத காலத்தில் இதைவிடச் சிறந்த அளவுகோல் இருந்ததாக நான் நினைக்கவில்லை.

நுளம்பின் பங்கை 1897இல் செகந்திராபாத்தில் ரொனால்ட் றொஸ் நிறுவியபின் ஆய்வாளரின் பார்வை நீர்நிலைகளுக்குத் திரும்பியது. 1913இல் எஸ்.பி. ஜேம்ஸும் எஸ்.டி. குணசேகரவும் தலைமன்னார்த் துறைமுகத்து மலேரியாவைப் பற்றி அரசுக்கு அறிக்கை தந்தார்கள். அடுத்த ஆண்டே தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது.

1934–35 கொள்ளைநோயில் இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். அந்தப் பேரழிவு, மலேரியா ஊறிக்கிடந்த வறண்ட வலயத்தைவிட, கேகாலை, குருநாகல் பகுதிகளையே கடுமையாகத் தாக்கியது. மழை பொய்த்து அங்குள்ள ஆறுகள் குட்டைகளாயின. அடிக்கடி நோய்ப்பட்டுப் பழகாத அந்த மக்களின் உடலில் எதிர்ப்பாற்றல் இல்லை. இரண்டாம் உலகப்போரை அடுத்து டிடிடி பூச்சிக்கொல்லி வந்தது. 1963இல் நாடு முழுவதிலும் 17 நோயாளிகளே இருந்தார்கள். கண்காணிப்பு தளர்ந்தது, 1969இல் எண்ணிக்கை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. உள்நாட்டுப் போர்க்காலத்தில் மலேரியா வடக்கை மீண்டும் வாட்டியது. ஆனாலும் இரத்தப் பரிசோதனையும் மருந்து தெளிப்பும் முற்றாக நின்றுவிடவில்லை. உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் இலங்கையை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

மூன்றே மாதம் கழித்து, அதே ஆண்டு டிசம்பரில், இலங்கையில் அதுவரை காணாத அனோபிலிஸ் ஸ்டெபென்சி மன்னாரில் அகப்பட்டது. தமிழ்நாட்டு நகரங்களில் நெடுங்காலமாக மலேரியா பரப்பிவரும் நுளம்பு அது. அதற்கு ஆறும் வயலும் தேவையில்லை. வீட்டுக் கிணறும் சீமெந்துத் தொட்டியும் மூடாத தண்ணீர்த் தாங்கியும் போதும். கிணற்றில் வாளியை இறக்கி மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். நீர்மட்டத்தோடு ஒட்டி, சிறு துரும்பு மிதப்பதுபோலப் படுத்திருந்தால் அது அனோபிலிஸ் புழு. தலைகீழாகத் தொங்கினால் வேறு இனம். புழுவைத் தின்ன மன்னார்க் கிணறுகளில் மீன் விடப்பட்டது இந்த நுளம்புக்காகத்தான். பின்னர் யாழ்ப்பாணத்திலும் அது காணப்பட்டது.

கிருமியைச் சுமந்து ஒருவர் வந்திறங்கினால் அதைப் பரப்பும் நுளம்பு இங்கே ஆயத்தமாக இருக்கிறது. மலேரியாக் கிருமிகளுள் ஒன்றான விவாக்ஸ் ஈரலில் மாதக்கணக்கில் உறங்கிப் பிறகு எழும். தொடக்கத்தில் காய்ச்சல் முறைப்படி வராமலும் இருக்கும். மலேரியா நோயாளியையே பார்த்திராத இளம் வைத்தியர்கள் இன்று பணிக்கு வந்துவிட்டார்கள். காய்ச்சல் என்றதும் டெங்கு நினைவுக்கு வருவது இயல்பு. ஆகவே இந்தக் கரையில் வாழ்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தியாவுக்கோ ஆபிரிக்காவுக்கோ போய்வந்து ஓராண்டுக்குள் காய்ச்சல் கண்டால், போன இடத்தை வைத்தியரிடம் முதலில் சொல்லுங்கள். மலேரியாவுக்கு இரத்தம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கிணற்றுக்கு வலை போடுங்கள்.