வறண்ட நிலத்தின் செல்வம்



ஒருநாள் சரித்திர வகுப்பிலே மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, இரத்தினபுரியில் இரத்தினக்கல் உண்டு, போகலையில் காரீயம் உண்டு, யாழ்ப்பாணத்து மண்ணில் என்ன உண்டு?" என்று வினவினான். அவனுக்கு விடை கூறுவதற்கு நான் முதலில் கடல் கடந்து ஒரு தேசத்துக்குச் செல்ல வேண்டியதாயிற்று.

மேற்கு அவுஸ்திரேலியா மழை அருகிய பெருநிலம். அங்கே கூல்கார்டி என்னுமிடத்தில் 1892ஆம் ஆண்டிலும், கல்கூர்லியில் 1893ஆம் ஆண்டிலும் பொன் கண்டெடுக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் அப்பாலைவெளிக்கு விரைந்தனர். காலடியிலே பொன் கிடந்தது; நாவை நனைக்க நீரில்லை. கிணறு தோண்டினால் உப்புநீரே ஊறிற்று. அதனைக் காய்ச்சி வடித்து விலைக்கு விற்றனர். அப்பொழுது ஓ'கொன்னர் என்னும் பொறியியலாளர், கரையோரத்து மலைப்பகுதியான முண்டாரிங்கிலே அணை கட்டி, ஐந்நூறு கிலோமீற்றருக்கும் மேற்பட்ட தூரத்துக்கு உருக்குக் குழாய் பதித்து, எட்டு நீரேற்று நிலையங்களின் துணையால் நீரைக் கொண்டுசெல்லும் திட்டத்தை நடத்தினார். பலருடைய கடுஞ்சொற்களுக்கும் ஆளானார். 1903 ஜனவரியில் அந்நீர் கல்கூர்லியை அடைந்தபொழுது அதனைக் காண அவர் உயிரோடிருக்கவில்லை. பொன் விளையும் நிலமும் நீரின்றேல் வெறுநிலமே என்பதை அவ்வரலாறு உணர்த்துகின்றது.

இனி, நமது குடாநாட்டைப் பார்ப்போம். இங்கும் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கை ஆறும் மாரியிலே மாத்திரம் ஓடுவது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் பெய்யும் மழையை நம்பியே ஆண்டு முழுவதும் வாழ்கின்றோம். பெய்த மழை எங்கே தங்குகின்றது? நம் காலடியிலுள்ள சுண்ணக்கல்லிலேதான்.

ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன், மயோசீன் காலத்திலே, கடலடியிற் படிந்த சிப்பிகளும் நுண்ணுயிர்களின் ஓடுகளும் இறுகி இக்கல்லாயின. மழைநீர் இதனைச் சிறிது சிறிதாகக் கரைத்துப் பிளவுகளையும் குகைகளையும் ஆக்கியது. கீரிமலைக் கேணியும் புத்தூர் நிலாவரைக் கிணறும் அக்கரைவின் சான்றுகள். கல்லினுள்ளே கடல்நீர் கீழும், எடை குறைந்த நன்னீர் மேலுமாக நிற்கின்றன. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், கீழே சுமார் நாற்பது அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது விஞ்ஞானிகள் கண்ட கணக்கு. மேலுள்ள ஓரடி குறைந்தால் கீழிருந்து உப்புநீர் பலமடங்கு ஏறிவரும் என்பதும் அதே கணக்கே.

இந்தக் கல்லை நம் முன்னோர் சூளையிலிட்டுச் சுண்ணாம்பாக்கினர்; கோவிலும் வீடும் கட்டினர். பின்னர் காங்கேசன்துறையிலே அரசாங்கம் நிறுவிய சீமெந்துத் தொழிற்சாலை 1950ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கிற்று. கல் அருகிலிருந்தே அகழப்பட்டது. களிமண் முருங்கனிலிருந்து வந்தது. ஆனையிறவு உப்பினைக் கொண்டு பரந்தனிலே எரிசோடாவும் குளோரினும் ஆக்கப்பட்டன. வறண்ட வடபுலத்திலும் கைத்தொழில் வளரும் என்பதற்கு இவை எடுத்துக்காட்டாயின. எத்தனையோ குடும்பங்களுக்கு அச்சீமெந்து ஆலையே சோறிட்டது. 1990ஆம் ஆண்டில், போரின் நடுவே, அதன் சூளைகள் அணைந்தன. ஊர்மக்களும் இடம்பெயர்ந்தனர். கல்லெடுத்த பெருங்கிடங்குகள் மாத்திரம் எஞ்சின.

மீண்டும் கல்லகழலாம் என்ற பேச்சு இன்றும் அவ்வப்போது எழுகின்றது. வேலையற்ற இளைஞரை எண்ணும்போது அப்பேச்சை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. அவுஸ்திரேலியாவிலே கனிப்பொருள் ஓரிடத்திலும் நீர் வேறோரிடத்திலும் இருந்தன. குழாய் அவ்விரண்டையும் இணைத்தது. நமக்கோ கனிப்பொருளும் நீர்த்தொட்டியும் ஒன்றே. கல்லை ஆழமாகத் தோண்டுவோன் தன் வீட்டுத் தொட்டியின் சுவரையே பெயர்க்கின்றான். எங்கே அகழலாம், எவ்வளவு ஆழம் அகழலாம், தோண்டிய கிடங்கை என்ன செய்வது என்பவற்றை ஆராய்ந்து வரையறுத்த பின்னரே கல்லில் உளி படுதல் வேண்டும்.

அம்மாணவனுக்கு நான் இவற்றையெல்லாம் கூறி முடித்தேன். அவன் சிறிது நேரம் சிந்தித்து, "அப்படியானால், ஐயா, எங்கள் பொன் கிணற்றுக்குள் இருக்கிறது" என்றான். அதனிலும் நல்ல விடையை நான் அவனுக்குச் சொல்லியிருக்க முடியாது.