தோட்டத்துப் பூச்சியும் தோட்டப் பள்ளிக்கூடமும்

நெகிரி செம்பிலான் தோட்டங்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் ரப்பர் விலையில் தொடங்குவார்கள், இல்லாவிட்டால் கங்காணியில் தொடங்குவார்கள். கொசுவில் தொடங்கினாலும் அதே கதைக்குத்தான் வந்து சேருவோம். மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் வளர்வதை 1897இல் ரொனால்ட் ரோஸ் செகந்திராபாத்தில் கண்டார். சில ஆண்டுகளில் கிள்ளானில் மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் அந்த அறிவைக் கொண்டு காட்டை அழித்து, சதுப்பை வடித்து, காய்ச்சலைக் குறைத்தார். அதே வைத்தியம் குன்றுப் பக்கத்துத் தோட்டங்களுக்கு வந்தபோது எதிர்மாறாக வேலை செய்தது. கடலோரச் சதுப்பில் நோய் பரப்பிய அனோபிலிஸ் அம்ப்ரோசஸ் நிழல் தேடும் இனம், காடு போனால் அதுவும் போகும். குன்றுகளில் இருந்த அனோபிலிஸ் மாகுலாட்டஸுக்கோ வெயில் விழும் தெளிந்த ஓடைதான் வேண்டும். சிரம்பான் போன்ற குன்றுப் பகுதிகளில் ரப்பர் நடக் காட்டை வெட்டியவர்கள் தங்களை அறியாமலே அதற்குத் தொட்டில் கட்டித் தந்தார்கள். ஓடைகளை மண்ணுக்கடியில் குழாய் வழியே விட்டும், நீர்மேல் எண்ணெய் தெளித்தும்தான் பிறகு அதை அடக்க முடிந்தது. எந்தக் கொசு, எந்தத் தண்ணீர் என்று குனிந்து பார்த்தவர்கள் இல்லாமல் இது கைகூடியிருக்காது.

லயத்துப் பிள்ளைகளுக்கு இந்தப் பார்வையில் பங்கு கிடைத்ததா என்பதே என் கேள்வி. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்படி 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்தியாக வேண்டும். நடத்தவும் செய்தார்கள், ஒரு கொட்டகையிலும் ஒரே ஆசிரியரைக் கொண்டும். கிராணியோ, எழுத்தறிந்த ஒரு தொழிலாளியோ ஆசிரியராகிவிடுவதும் உண்டு. பாடநூல்கள் கப்பலேறித் தமிழ்நாட்டிலிருந்து வந்தன. எழுத்தும் கணக்கும் தேறினால் போதும் என்ற கணக்கு நிர்வாகத்துக்கு. கொசுப்புழுவைப் பற்றிய அறிவு டிரசரிடமும் எண்ணெய் தெளிப்பவரிடமும் நின்றது. காய்ச்சலில் விழுந்த பிள்ளைக்குக் கொயினா கிடைத்தது, காரணம் கிடைக்கவில்லை.

தோட்டத்துப் பிள்ளைக்குப் பூச்சியைப் பற்றிப் பள்ளி வேறு சொல்லித்தர வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. வெளிக்காட்டிலேயே வளர்ந்த பிள்ளை, ஆசிரியருக்குத் தெரியாததும் அதற்குத் தெரியும் என்பார்கள். பாதி உண்மை. பழக்கத்தால் தெரிவது ஒன்று, தெரிந்ததைச் சோதித்துப் பார்ப்பது வேறு. படித்தவர்களே அந்தச் சோதனையைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நெகிரி செம்பிலான் மாநிலமே சாட்சி. 1998 கடைசியில் பேராக்கில் தொடங்கிய மூளைக்காய்ச்சல், சிக்காமாட்டுக்கும், பிறகு போர்ட்டிக்சன் பக்கத்தில் உள்ள புக்கிட் பெலண்டோக்கிற்கும் சுங்கை நிப்பாவிற்கும் பரவியது. கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவு கட்டிப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். சில நோயாளிகளின் இரத்தப் பரிசோதனையும் அப்படியே சொன்னதால் அந்த முடிவை முழு அலட்சியம் என்று தள்ளிவிட முடியாது. ஆனாலும் கண்ணெதிரே இருந்தவை அதோடு ஒட்டவில்லை. அந்த நோய் பெரும்பாலும் பிள்ளைகளைத் தாக்குவது. இங்கே விழுந்தவர்களோ பன்றிப் பண்ணையில் வேலை செய்த பெரியவர்கள். அதே ஊரில் பன்றியைத் தொடாதவர்கள் பெரும்பாலும் தப்பினார்கள். கொசு அப்படி ஆள் பார்த்துக் கடிக்காது. பன்றிகளும் இருமி இருமிச் செத்தன. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா கா பிங் புதிய வைரஸைப் பிரித்தெடுத்தார். பழந்தின்னி வௌவாலிடமிருந்து பன்றிக்கும் பன்றியிடமிருந்து மனிதருக்கும் வந்த அதற்கு நிப்பா என்ற ஊரின் பெயரே நின்றுவிட்டது. நோய் அடங்குவதற்குள் நூறு பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். கொசுவின் மேல் குற்றம் சாட்டுமுன் அதைச் சோதிக்க வேண்டும் என்பதை இதைவிடக் கடுமையாகச் சொல்லும் பாடம் எனக்குத் தெரியவில்லை.

பூச்சி தோட்டத்துக் கூலியையும் மாற்றியிருக்கிறது. செம்பனைப் பூவுக்கு மகரந்தம் தூவுவது ஒரு காலத்தில் ஆட்கள் கையால் செய்த வேலை. 1981இல் கேமரூனிலிருந்து கொண்டுவந்த ஒரு சிறு கூன்வண்டை ஜோகூர் குளுவாங்கில் விட்டார்கள். வண்டு நாடெங்கும் பரவியது, அந்த வேலையே இல்லாமல் போயிற்று. இதையெல்லாம் பார்க்கப் பழக்கும் அறிவியல் பாடம் பள்ளிக்கு மெல்ல மெல்லத்தான் வந்தது. 1980களின் புதிய கலைத்திட்டத்தில் ‘ஆலாம் டான் மனுசியா’ என்ற பெயரில் இயற்கைப் பாடம் நுழைந்தது, 1990களில் அறிவியல் தனிப் பாடமானது. வாழ்க்கைச் சுழற்சி இன்று கீழ் வகுப்பிலேயே இருக்கிறது. பெரும்பாலும் வண்ணத்துப்பூச்சியின் படத்தோடு அது முடிந்துவிடுவதுதான் குறை. பூத்த ஆண் செம்பனைப் பாளை ஒன்றை வகுப்பில் வைத்து, சோம்பு வாசனையோடு மொய்க்கும் வண்டுகளைப் பிள்ளைகள் எண்ணினால், சுழற்சியோடு பாட்டியின் பழைய வேலையும் அங்கே புரியும்.

வண்டைப் போலக் கொசுவையும் வகுப்பில் காட்டலாமே என்றால், கொசுப்புழு வளர்ப்பது ஆபத்து, சட்டத்துக்கும் ஆகாது என்பது அடுத்த மறுப்பு. நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டம் கொசு பெருக இடம் கொடுப்பதைக் குற்றமாக்குகிறது. டெங்கி உள்ள நாட்டில் அது சரியே. ஆகவே வளர்க்க வேண்டாம். மழைநீர் தேங்கிய ரப்பர்ப் பால் மங்கைக் கவிழ்க்குமுன் ஒரு கரண்டி நீரைக் கண்ணாடிக் குப்பியில் எடுத்து, வலைத்துணியால் மூடி, உருப்பெருக்கியால் பார்த்துவிட்டு, அன்றே கொதிநீர் ஊற்றிக் கொல்லலாம். புழு தலைகீழாகத் தொங்கினால் அது மலேரியாக் கொசு அல்ல. நீர்மட்டத்தோடு ஒட்டிப் படுத்திருந்தால் அனோபிலிஸ். மங்கில் கிடைப்பது அநேகமாக முதல் வகைதான். ஒரு நூற்றாண்டுக்கு முன் ஓடைக்கரையில் குனிந்தவர்கள் கண்ட வேறுபாட்டைப் பத்து வயதுப் பிள்ளை ஐந்து நிமிடத்தில் கண்டுவிடும்.

தேர்வுக்கு இதெல்லாம் உதவாது என்பது கடைசி மறுப்பு, நெடுங்காலம் அதுதான் வலுவானதாகவும் இருந்தது. ஆறாம் ஆண்டு யு.பி.எஸ்.ஆர். தேர்வின் வழிகாட்டி நூல்களுக்கு முன் வண்டும் புழுவும் என்ன செய்யும்? லின்சம், கிர்பி, சுவா பெத்தோங் என்று தோட்டத்தின் பெயரையே இன்னும் தாங்கி நிற்கும் பள்ளிகளின் ஆசிரியர்கள் இனி அந்தக் காரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை. யு.பி.எஸ்.ஆர். 2021இல் ரத்தாகிவிட்டது.