மின்சாரத் தேவையைக் கணிக்கும் நியூரல் நெட்வொர்க்: ஒரு 30 வருஷக் கதை

நாம ஃபேன் சுவிட்சைப் போடுற அதே நொடியில, எங்கேயோ ஒரு மின்நிலையம் அதுக்கான மின்சாரத்தைத் தந்தாகணும். ஒரு ஊருக்கே தேவையான மின்சாரத்தைச் சேமிச்சு வைக்கிறது லேசுப்பட்ட காரியம் இல்லை. நிலக்கரி மின்நிலையத்தையும் நினைச்ச உடனே ஓட்ட முடியாது. அதனால, நாளைக்கு சாயங்காலம் 6 மணிக்கு எவ்வளவு தேவைப்படும்னு இன்னைக்கே கணிக்கணும். கணிப்பு கூடிப்போனா காசு வீண். குறைஞ்சா பவர் கட்.

இந்த வேலைக்கு நியூரல் நெட்வொர்க் எப்போ வந்துச்சு? சாட்ஜிபிடிக்கு 30 வருஷம் முன்னாடியே!

1991-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பார்க், எல்-ஷர்காவி உள்ளிட்ட குழு ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டது. சியாட்டில், டகோமா பகுதியின் மின்தேவையையும் வெப்பநிலையையும் மணிவாரியாக எடுத்து நெட்வொர்க்குக்குக் கொடுத்தார்கள். ஃபார்முலா எதுவும் எழுதித் தரலை. பழைய கணக்கைப் பார்த்து அதுவே கத்துக்கிச்சு. 24 மணி நேரம் முன்கூட்டிச் சொன்ன கணிப்பில் சராசரிப் பிழை 2.06%. அப்போது புழக்கத்தில் இருந்த முறை, அதே தரவில் 4.22% பிழை காட்டியது. பாதிக்குப் பாதி!

ஆனா இங்கதான் ஒரு விஷயம் இருக்கு. அவங்க எடுத்துக்கிட்டது சாதாரண வேலை நாட்களை மட்டும். வார இறுதி, பண்டிகை எதுவும் கிடையாது. ஆய்வைத் தொடங்க அது சரியான இடம்தான். ஆனா கணிப்பு ரொம்பத் தேவைப்படுறது வழக்கம் மாறுற நாள்லதானே?

2001-ல் பிரேசில் ஆய்வாளர்கள் மூன்று பேர், அந்தப் பத்தாண்டில் வந்த கட்டுரைகளை அலசினார்கள். பல நெட்வொர்க்குகள் தரவுக்கு மிஞ்சின சைஸில் இருக்கு, சோதனையும் போதாது என்பது அவர்கள் விமர்சனம். நம்ம பாஷையில சொன்னா, பாடம் புரியாம மனப்பாடம் பண்ற பையன் மாதிரி.

இதே நெட்வொர்க்குக்கு இன்னொரு வேலையும் உண்டு. கணிப்புக்கும் நிஜத்துக்கும் பெரிய இடைவெளி வந்தா, 'இந்த எண் இடிக்குதே'ன்னு அது அலாரம் அடிக்கும். மீட்டர் கெட்டுப்போச்சா, தரவு விட்டுப்போச்சா, இல்லை ஊரே மாறிடுச்சா? அதை அந்த இடைவெளி மட்டும் சொல்லாது.

நம்ம நாட்டிலேயே ஓர் உதாரணம். 2020 ஏப்ரல் 5, ஊரடங்கு. இரவு 9 மணிக்கு 9 நிமிஷம் லைட்டை அணைக்கச் சொன்னாங்க. தேவை 12,000 முதல் 14,000 மெகாவாட் குறையும்னு எதிர்பார்த்தாங்க. குறைஞ்சது 31,089 மெகாவாட்! முந்தின நாட்களை மட்டும் படிச்ச நெட்வொர்க்குக்கு அது தரவுப் பிழை மாதிரிதான் தெரியும். ஆனா அது நிஜம். நீர்மின் நிலையங்களைத் தயாரா வெச்சு, 17,500 மெகாவாட்டுக்கு மேல் குறைச்சு, பொறியாளர்கள் கிரிட்டைக் காப்பாத்தினாங்க.

இப்போ அந்த ராத்திரியின் எண்களை என்ன பண்ணுவீங்க? அப்படியே விட்டா, நெட்வொர்க் அதை வழக்கம்னு தப்பா கத்துக்கலாம். அழிச்சா, ஒரு வரலாறே போயிடும். என்னைக் கேட்டா, அழிக்காம பக்கத்துல ஒரு குறிப்பு எழுதி வைக்கணும்: இது பிழை இல்லை, அன்னைக்கு இது நடந்தது. அந்தக் குறிப்பை எழுத, அன்னைக்கு என்ன நடந்ததுன்னு தெரிஞ்ச ஒருத்தர் வேணும்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.